கடைமடைக்கு நீர் சேர்ந்ததா?
மறு ஆக்கங்களில் திறந்த உலகமும் நேர்வழியும்: பொன்னியின் செல்வனை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வழக்கு

பழைய வீடியோ கேம் ஒன்றைப் புதிய தொழில்நுட்பத்தில் மறுபடி ஆக்கப்போகிறோம் என்று ஒரு நிறுவனம் அறிவித்துவிட்டால், அதன் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஆர்.பி.ஜி. எனப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் இந்தப் பிளவு இன்னும் கூர்மையானது. ஒரு பாத்திரமாக மாறி, நாற்பது ஐம்பது மணி நேரம் ஒரு கற்பனை நாட்டில் வாழ்ந்து பார்ப்பதே இவ்வகை விளையாட்டு. அந்த நாட்டை எல்லைவரை திறந்துவிட்டு, ஆடுபவர் மனம்போனபடி சுற்றட்டும் என்று விடுவதா? அல்லது கதை போகும் பாதையை வகுத்து, அதிலேயே கைப்பிடித்து அழைத்துச் செல்வதா? முதலாவதை ‘ஓப்பன் வேர்ல்ட்’ என்கிறார்கள். திறந்த உலகம் என்று நாம் சொல்லலாம். இரண்டாவது நேர்வழி அமைப்பு.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘தி விட்சர்’ விளையாட்டு முன்னுரை, ஐந்து அத்தியாயங்கள், முடிவுரை என்று நாவலைப் போலக் கட்டப்பட்டது. ஓர் அத்தியாயம் முடிந்து அடுத்த ஊருக்குப் போனால் பழைய ஊருக்குத் திரும்ப முடியாது. இதன் மறு ஆக்கம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது; அது திறந்த உலகமாக இருக்கும் என்ற செய்தியும் தொடர்ந்து வந்தது. ஜப்பானின் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ மறு ஆக்கத்திலும் இதே சச்சரவு ஏற்கெனவே நடந்திருந்தது.

காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு இந்த வழக்கு அன்னியமானதன்று. கல்கியின் நாவலிலிருந்து மணிரத்னம் எடுத்த ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளியானபோது கும்பகோணத்துத் தேநீர்க் கடைகளில் எழுந்த கேள்விகள் இதே கேள்விகள்தாம். நாவலில் வரும் மணிமேகலையை எங்கே காணோம்? சேந்தன் அமுதனை ஏன் இப்படிச் சுருக்கினார்கள்? எதிர்க்கட்சி சொன்னது: அத்தனையையும் எடுத்தால் படம் எப்போது முடியும்?

இவ்வழக்கு தவறான இடத்தில் கோடு போடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். திறப்பும் நேர்வழியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரு படைப்பின் நாடு எவ்வளவு அகலமாகத் திறக்கப்பட்டிருக்கிறது என்று அளப்பதைவிட, திறந்துவிட்டதெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல். அதற்குரிய சொல் தஞ்சை விவசாயியிடம் இருக்கிறது: கடைமடை, அதாவது நீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல்.

2. இரு கட்சிகளின் வாதம்

முதலில் ஃபைனல் ஃபேன்டஸியின் வழக்கை எடுத்துக்கொள்வோம். 1997இல் பிளேஸ்டேஷனுக்காக வெளிவந்த மூல விளையாட்டு, மிட்கார் என்ற இரும்பு நகரத்தில் தொடங்குகிறது. சில மணி நேரம் அந்த நகரத்தின் இருட்டில் அலைந்துவிட்டு வெளியே வந்ததும் முழு உலக வரைபடமும் ஆடுபவரின் கண்முன் விரியும். அந்தக் கணத்தை அக்காலத்தில் ஆடியவர்கள் இன்றும் மறக்கவில்லை. 2020 ஏப்ரல் 10 அன்று வந்த மறு ஆக்கம் மிட்காரோடு நின்றுகொண்டது. சில மணி நேரப் பகுதியைப் பதினெட்டு அத்தியாயங்களாக, முப்பது மணி நேரத்துக்கும் மேலாக நீட்டியது. நகரத்தை விட்டு வெளியேறும் இடத்தில் முடிந்தது. ‘இது நடைகூடம்தான், உலகமில்லை’ என்றது ஒரு கட்சி. ‘மூலத்தில் பெயர்கூட நினைவில் நில்லாத மனிதர்கள் இதில்தான் உயிர் பெற்றார்கள்’ என்றது மற்றொன்று.

2024 பிப்ரவரி 29 அன்று வந்த இரண்டாம் பாகமான ‘ரீபர்த்’, புல்வெளி, ஜூனோன், கோரெல், கொங்காகா, காஸ்மோ கேன்யன், நிபெல் என்று பரந்த நிலப்பகுதிகளைத் திறந்துவிட்டது. உடனே கட்சிகள் இடம் மாறிக்கொண்டன. ‘உலகை அழிக்கப் போகிறவனைத் துரத்திக்கொண்டு போகிறோம், நடுவில் சீட்டாட்டத்துக்கும் கோபுரம் ஏறுவதற்கும் நேரம் எப்படி வந்தது?’ என்று கேட்டவர்களில், முன்பு நடைகூடத்தைக் குறைசொன்னவர்களும் உண்டு. வழக்கு எங்கேயோ பிசகியிருக்கிறது என்பதற்கு இந்த இடமாற்றமே முதல் அறிகுறி.

விளையாட்டியல் ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டை முன்பே வகைப்படுத்தியிருக்கிறார்கள். டென்மார்க்கின் யெஸ்பர் யூல், 2005இல் வெளியான ‘ஹாஃப்-ரியல்’ நூலில் விளையாட்டுகளின் கட்டமைப்பை இரண்டாகப் பிரிக்கிறார். சில விதிகள் ஒன்றோடொன்று மோதி எண்ணற்ற நிலைமைகளை உண்டாக்குவது ஒரு வகை. ஆக்கியவர் வைத்த படிகளை ஒவ்வொன்றாகக் கடப்பது இன்னொரு வகை. பல்லாங்குழி முதல் வகை என்றால், துப்பறியும் கதை விளையாட்டு இரண்டாம் வகை. அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 2004இல் வேறு கோணத்தைக் காட்டினார். விளையாட்டை ஆக்குபவர் கதைசொல்லியைக் காட்டிலும் கட்டடக்கலைஞருக்கு நெருங்கியவர். இடத்தை அமைப்பதன் மூலம் கதைக்கு வழிசெய்கிறார் என்பது அவர் கருத்தின் சாரம்.

யூலின் பிரிவினை தெளிவானது. ஆனால் மறு ஆக்க வழக்குக்கு அது போதவில்லை. ரீபர்த்தின் திறந்த வெளியில் ஆடுபவர் செய்வனவும் வகுத்துவைத்த பணிகள்தாம்; அவற்றின் வரிசை மட்டுமே அவர் கையில். ஜென்கின்ஸின் பார்வை நமக்குக் கூடுதல் துணை. இடமே கதை என்றால், எந்த இடம், அதன் ஓட்டம் எந்தப் பக்கம் என்ற கேள்வி எழுகிறது. இந்தக் கேள்வியைத் தமிழ் மரபு வெகு காலத்துக்கு முன்பே கையாண்டிருக்கிறது.

3. ஆற்றுப்படையும் மூன்று வழிகளும்

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வரும் ஏழைக் கலைஞருக்கு வழிசொல்லி வள்ளலிடம் அனுப்புவதே அவற்றின் கட்டு. திருமுருகாற்றுப்படையில் மட்டும் வள்ளலின் இடத்தில் முருகன். சங்ககாலச் சோழன் கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படை காவிரி நாட்டின் வளத்தைக் கண்முன் நிறுத்துகிறது. மலைபடுகடாம், வழியிலுள்ள ஆபத்துகளையும் தங்குமிடங்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. கட்டமைப்பு என்று பார்த்தால் இவை கண்டிப்பான நேர்வழிகள்: தொடங்கும் இடம் வறுமை, சேரும் இடம் வள்ளலின் வாயில். ஆனால் படித்து முடித்தபின் மனத்தில் நிற்பது நாடு. பாதையின் கோடு மறைந்துவிடுகிறது. வழியை ஒற்றையாக்கி நிலத்தை விரிவாக்கும் வித்தை இங்கேயே இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை இன்னும் நேரடியான சான்று. புகாரிலிருந்து காவிரிக் கரையோடு நடந்து, உறையூரைக் கடந்த கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் மாங்காட்டு மறையவன் ஒருவனைச் சந்திக்கிறார்கள். மதுரைக்கு வழி கேட்டதும் அவன் மூன்று வழிகளைச் சொல்கிறான்: வலப்பக்க வழி, இடப்பக்க வழி, நடுவழி. இடப்பக்க வழியில் திருமால் குன்றம் இருக்கிறது. அங்கே ஒரு பிலத்துக்குள் மூன்று பொய்கைகள். ஒன்றில் மூழ்கினால் ஐந்திர இலக்கண அறிவு கிட்டும். ஒன்றில் பழம்பிறப்பு தெரியவரும். ஒன்றில் நினைத்தது கைகூடும்.

இன்றைய விளையாட்டு மொழியில் சொன்னால், இது ஒரு பக்கப்பணியும் மூன்று அரிய பரிசுகளும். கவுந்தியடிகள் மூன்றையும் வேண்டாம் என்கிறார். மூவரும் நடுவழியே போகிறார்கள். இளங்கோவுக்கு நேர்வழிதான் வேண்டுமென்றால் மற்ற இரண்டையும் சொல்லாமலே விட்டிருக்கலாம். விரிவாகச் சொல்லி, பிறகு மறுக்க வைக்கிறார். மறுத்த வழி மூடிய வழி ஆகாது. பழம்பிறப்பை அறியும் பொய்கையைத் தாண்டிப் போன கோவலனின் பழம்பிறப்புக் கதை, அவன் கொலையுண்ட பின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வத்தின் வாயால் கண்ணகிக்குச் சொல்லப்படுகிறது. ஆற்றின் தலைப்பில் மறுக்கப்பட்ட நீர் கடைசியில் வேறு வாய்க்கால் வழியாக வந்துசேர்கிறது. இளங்கோ இதைத் திட்டமிட்டே வைத்தாரா என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் வாசிப்பில் அந்த இணைப்பு நிகழ்கிறது என்பதை மறுப்பது கடினம்.

4. ஒற்றை வழியில் ஒரு திறந்த நாடு

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை ‘கல்கி’ வார இதழில் மணியத்தின் ஓவியங்களோடு வெளிவந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். தொடர்கதையைக் காட்டிலும் கண்டிப்பான நேர்வழி வடிவம் வேறில்லை. இந்த வாரம் இத்தனை பக்கம். அடுத்தது என்ன என்று அறிய ஏழு நாள் காத்திருக்க வேண்டும். புரட்டிப் பார்க்க அடுத்த பக்கம் அச்சாகியே இராது. ஆனாலும் மூன்று தலைமுறையாக வாசகர்கள் இந்நாவலைச் சோழநாட்டில் சுற்றித் திரிந்த அனுபவமாகவே நினைவுகூர்கிறார்கள். வீராணம் ஏரிக் கரையில் தொடங்கி கோடிக்கரைவரை அந்தப் பாதையில் பயணம் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த முரணை எப்படி விளக்குவது?

முதல் காரணம் கதாநாயகனைத் தேர்ந்தெடுத்த விதம். வந்தியத்தேவன் அந்நாட்டுக்குப் புதியவன். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, எழுபத்து நான்கு கணவாய்கள் கொண்ட வீரநாராயண ஏரியின், அதாவது வீராணத்தின், கரையில் அவன் குதிரையில் வரும்போது நாமும் அந்த நீரை முதன்முதலாகப் பார்க்கிறோம். அவன் காஞ்சியிலிருந்து சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் ஓலைகளைச் சுமந்து வருகிறான். ஆகவே திசை தீர்மானமாகிவிட்டது. ஆனால் அவன் வழியில் நிற்பவன், வேடிக்கை பார்ப்பவன், வம்பில் தலை கொடுப்பவன். கடம்பூர் மாளிகையில் அவன் கேட்கும் சதி ஆலோசனையும் தேடிப்போய்க் கேட்டதன்று. நண்பன் வீட்டில் ஓர் இரவு தங்கப் போன இடத்தில் காதில் விழுந்தது.

இரண்டாவது காரணம்தான் இக்கட்டுரைக்கு முக்கியமானது. அதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வந்தியத்தேவன் தஞ்சைக்கு வந்தபோது தங்க இடமில்லாமல் சேந்தன் அமுதன் என்ற இளைஞனின் வீட்டில் தங்குகிறான். கோட்டைக்கு வெளியே, பூந்தோட்டத்துக்கு நடுவே ஒரு குடிசை. அமுதன் தளிக்குளத்தார் கோயிலுக்கு மாலை கட்டிக்கொடுப்பவன்; தேவாரம் பாடுபவன். அவனை வளர்க்கும் வாணி அம்மைக்குப் பேச்சும் இல்லை, செவியும் இல்லை. கோடிக்கரையில் படகு செலுத்தும் தன் மாமன் மகள் பூங்குழலியைப் பற்றி அமுதன் ஏக்கத்தோடு சொல்லிக்கொண்டிருப்பான். அரண்மனைச் சதி நம்மை இழுத்துக்கொண்டிருக்கும்போது, இந்தக் குடிசை நமக்கு ஓர் இளைப்பாறுமிடம். அடுத்த வாரத்து இதழுக்காகக் காத்திருந்த வாசகர் இதைக் கதையின் பக்கவாட்டுக் காட்சி என்றே எண்ணியிருப்பார்.

இரண்டாயிரம் பக்கங்களை நெருங்கும்போது தெரியவருகிறது: சோழ மன்னர் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உண்மையான மகன், அவர்கள் மகனாக வளர்ந்த மதுராந்தகன் அல்லன்; குழந்தையிலேயே மாற்றப்பட்ட இந்தப் பூக்கட்டும் இளைஞன்தான். பொன்னியின் செல்வனான இளவரசன் அருள்மொழி தன் தலைக்கு வந்த கிரீடத்தை அவன் தலையில் வைக்கிறான். ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி ‘தியாகச் சிகரம்’ என்று பெயரிட்டதன் முழுக் கனமும் அந்த ஒரு செயலில் இறங்குகிறது. ஏழைக் குடிசையிலிருந்து புறப்பட்ட ஒரு சிறு வாய்க்கால், நாவலின் கடைசி வயலுக்குப் பாய்கிறது.

நாடு திறந்து கிடக்கிறது என்ற உணர்வு இங்கேதான் பிறக்கிறது. எந்தப் பக்கத்துப் பாத்திரமும் நாளை மையத்துக்கு வரக்கூடும் என்று ஒருமுறை அறிந்துகொண்ட வாசகர், அதன்பிறகு எந்தப் பாத்திரத்தையும் அலட்சியமாகக் கடப்பதில்லை. படகோட்டியைக் கவனிக்கிறார்; சோதிடரைக் கவனிக்கிறார்; குடுமியும் தடியுமாக வாதுக்கு நிற்கும் ஆழ்வார்க்கடியானைக் கவனிக்கிறார். கால் போவது ஒரே வழியில்தான். கவனம் நாலு திசையிலும் பாய்கிறது.

5. திரையின் கணக்கு

இதைத் திரைக்குக் கொண்டுவரும் முயற்சி நீண்டது. 1958இல் எம்.ஜி.ஆர். அறிவித்த படம் நின்றுபோனது. 1999இல் மேஜிக் லேன்டர்ன் குழு நாவலை மேடையேற்றியது. அதற்கு நாடக வடிவம் கொடுத்த குமரவேல், பின்னர் மணிரத்னத்தோடு திரைக்கதையிலும் பங்கேற்றார். வசனம் ஜெயமோகன். இரண்டு பாகமும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம்.

293 அத்தியாயங்களை ஐந்தரை மணி நேரத்தில் அடக்க வேண்டுமென்றால் எதை விடுவது என்பதே கேள்வி. படம் இராஷ்டிரகூடர்களோடு நடக்கும் போரில் தொடங்குகிறது; கரிகாலன் வந்தியத்தேவனிடம் பணியை ஒப்படைப்பதை முதலிலேயே பார்த்துவிடுகிறோம். நாவலில் நாட்டைப் பார்த்துக்கொண்டே பணியை அறிகிறோம்; படத்தில் பணியை அறிந்தபின் நாட்டைக் கடக்கிறோம். ஆடிப்பெருக்கு, ஏரி, சோழநாட்டு வயல்கள் எல்லாம் பெரும்பாலும் ‘பொன்னி நதி’ பாடலின் சில நிமிடங்களுக்குள் வந்துபோகின்றன. படப்பிடிப்பு தாய்லாந்திலும் ஹைதராபாத்திலும் மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சா, குவாலியர் போன்ற இடங்களிலும் நடந்தது. டெல்டாவின் தட்டையான நிலமும், ஊருக்கு ஊர் குறுக்கிடும் வாய்க்காலும், மதகுகளும் படத்தின் உடம்பில் அதிகம் ஒட்டவில்லை.

இதைக் குறையாக மட்டும் எழுதுவது நியாயமாகாது. படத்துக்காக மூன்று வாதங்கள் வைக்கலாம். ஒன்று, திரையரங்கில் உட்கார்ந்திருப்பவர் புத்தகத்தை மடித்துவைத்துவிட்டு யோசிக்க முடியாது. ஓட்டம் அறுந்தால் படம் விழுந்துவிடும். இரண்டு, கிளைகளை வெட்டியதால் கரிகாலனுக்கும் அவன் முன்னாள் காதலி நந்தினிக்கும் இடையிலான உறவு நாவலில் இல்லாத அளவுக்கு நடுநாயகமாகி ஆழம் பெற்றது. நாவலைப் படித்தவர்களிலும் பலர் இதை ஒப்புக்கொள்வார்கள். மூன்றாவது வாதம் வரலாறு சார்ந்தது. குழந்தை மாற்றம் கல்கியின் கற்பனை. படம் அதை விட்டுவிட்டு, சிற்றப்பன் மதுராந்தகனுக்கே அருள்மொழி முடியை விட்டுக்கொடுப்பதாக முடிக்கிறது. ஆதித்த கரிகாலன் இறந்தபின் குடிமக்கள் வேண்டியும், சிற்றப்பனுக்கு நாட்டில் விருப்பம் இருக்கும்வரை அருள்மொழி அரசேற்க இசையவில்லை என்று முதலாம் இராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அந்த அளவில் படம் செப்பேட்டுக்கு நாவலைவிட அருகில் நிற்கிறது.

மூன்று வாதங்களையும் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. படத்திலும் சேந்தன் அமுதன் வருகிறான். ஆனால் அவன் எங்கும் போய்ச் சேர்வதில்லை. வாய்க்காலை வெட்டிவிட்டு அதன் கடைசி வயலைத் தூர்த்ததற்குச் சமம் இது. முற்றிலும் நீக்கப்பட்ட மணிமேகலையைத் தேடுபவர்களைவிட, இருந்தும் இல்லாமல்போன அமுதனைப் பற்றி முறையிடுபவர்களின் குறை கட்டமைப்பு சார்ந்தது. மூடிய வழியை மன்னித்துவிடலாம். திறந்து வைத்து எங்கும் போகாத வழி, பார்ப்பவரின் கவனத்தை வீணாக்கிவிடுகிறது.

6. டெல்டாவின் பாடம்

இங்கே நீரைப் பற்றிச் சற்றுப் பேச வேண்டும். வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூரில் திறக்கப்படும் நீர் சில நாட்களில் கல்லணைக்கு வருகிறது. கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிக்கப்படுகிறது. மிகுந்து வரும் வெள்ளம் கொள்ளிடத்தில் விடப்படுகிறது. கல்லணைக் கால்வாய் மேட்டூர் அணையோடு 1934இல் வந்தது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது இன்றும் புது ஆறு. ஆறுகளிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். பல இடங்களில் வயலுக்கு வயல்தான் பாய்ச்சல்: மேல் வயல்காரர் வரப்பை வெட்டிவிட்டால்தான் கீழ் வயல் நனையும். ஓர் ஊரின் வடிகால் அடுத்த ஊரின் பாசனம் ஆகிவிடுவதும் உண்டு.

இந்த அமைப்பு திறந்ததா, நேர்வழியா? மேலேயிருந்து பார்த்தால் விசிறிபோல் விரிந்த ஆயிரம் வழிகள். ஒரு துளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே வழி: சரிவு எப்போதும் கிழக்கே, கடலை நோக்கி. நடுவில் இருப்பது ஷட்டர். எந்த ஷட்டரை எவ்வளவு, எத்தனை நாள் திறப்பது என்பதே பாசன நிர்வாகம். நீர் குறைந்த ஆண்டில் முறை வைத்து விடுவார்கள். இந்த வாரம் இந்த ஆற்றுக்கு, அடுத்த வாரம் அந்த ஆற்றுக்கு.

தலைமடையில் நீர் பெருகி ஓடுவதைப் பார்த்து எந்த விவசாயியும் பாசனம் நன்றாக நடக்கிறது என்று சொல்லமாட்டார். தலைஞாயிறிலும் வேதாரண்யத்திலும் நீர் எட்டிப் பார்த்ததா என்று கேட்பார். கல்லணையில் பூத்தூவித் திறந்த படம் செய்தித்தாளில் வந்த மறுநாளே கடைமடை விவசாயிகளின் முறையீடும் தொடங்கிவிடுகிறது. தலைப்பில் எவ்வளவு திறந்தார்கள் என்பது ஓர் எண்ணிக்கை. கடைமடைக்குச் சேர்ந்ததா என்பதே தீர்ப்பு. மறு ஆக்கங்களையும் இப்படிப் பார்க்கலாம் என்பது என் முன்மொழிவு. ஒரு படைப்பு எத்தனை வழிகளைத் திறக்கிறது என்பது தலைமடைக் கணக்கு. அந்த வழிகளில் செலவான கவனம் முடிவின் பலத்தில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது கடைமடைக் கணக்கு.

7. அளவுகோலைப் பொருத்திப் பார்த்தல்

என் தங்கை மகன் ரீபர்த் ஆடுவதைச் சில மாலைகள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். சோகோபோ என்ற பறவையின் மேலேறிப் புல்வெளியில் போகிறான். தூரத்தில் ஒரு கோபுரம். ஏறி அதை இயக்கியதும் வரைபடத்தில் புதிய குறிகள் முளைக்கின்றன: இங்கே ஓர் ஊற்று, அங்கே ஒரு சன்னதி, அதற்கப்பால் ஒரு மிருகம். சாட்லி என்ற சிறுவன் குரல்கொடுத்துப் பாராட்டுகிறான். ஒன்றை முடித்ததும் ஒரு குறி அழிகிறது. அடுத்த நிலப்பகுதியிலும் கோபுரம், ஊற்று, சன்னதி. மூன்றாவது நாள் அவன் சொன்னான்: “மாமா, இது வேலை மாதிரி ஆயிடுச்சு. ஆனா விட்டுட்டுப் போகவும் மனசு வரல.”

தலைப்பில் ஏராளமாகத் திறந்த நீர், ஒரே மாதிரியான வயல்களில் தேங்கி நிற்பதை அவன் சொற்கள் சரியாகக் காட்டுகின்றன. ஒருசில பக்கப்பணிகளில் ஊர்க்காரர்களின் வாழ்க்கை தெரியவருவதும், தோழர்களோடு உறவு கூடுவதும், அது கதையின் பிற்பகுதியில் எதிரொலிப்பதும் உண்மை. அவை கடைமடைக்குச் சேர்ந்த வாய்க்கால்கள். கோபுரங்கள் சேரவில்லை. ஆகவே ‘ரீபர்த் திறந்த உலகம், அதனால் தளர்ந்தது’ என்ற தீர்ப்பு பாதி சரி. திறந்த வழிகளில் எவை வடிகாலில்லாத பள்ளங்கள் என்று பிரித்துச் சொல்வதே விமர்சனம்.

2020இன் மறு ஆக்கத்துக்கும் இதே நீதி. நடைகூடம் குறுகலாக இருந்தது அதன் பிழையன்று. மூலத்தில் சில வசனங்களோடு செத்துப்போன புரட்சிக் குழுவின் ஜெஸ்ஸிக்கு ஒரு வீடும் தாயும் நோயாளித் தந்தையும் கிடைத்தார்கள். அவள் மரணம் அதனால் கனத்தது. அதே விளையாட்டில் ஆளை மெதுவாக நடக்கவிட்டு நேரத்தை இழுத்த இடங்களும் உண்டு. அங்கே வாய்க்கால் நீண்டது, வயல் இல்லை.

விட்சரின் வழக்கு எல்லாவற்றிலும் நுட்பமானது. 2007 விளையாட்டின் முதல் அத்தியாயத்தில் ஹாரன் ப்ராக் என்ற வணிகனின் சரக்கை ஓர் இரவு காவல் காக்கிறோம். எல்ஃப் கிளர்ச்சிக்காரர்கள் வந்து பெட்டிகளைக் கேட்கிறார்கள். கொடுக்கலாம், சண்டையிடலாம். கொடுத்துவிட்டால் அப்போதைக்கு ஒன்றும் நடப்பதில்லை. பல மணி நேரம் கழித்து, அடுத்த அத்தியாயத்தில், நமக்குத் தகவல் சொல்ல வேண்டிய ஒருவன் அம்பு பாய்ந்து கிடப்பான். அந்தப் பெட்டிகளில் இருந்தவை ஆயுதங்கள். சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் முடிவை மாற்ற எவருக்கும் மனம் வராத அளவுக்குத் தூரம் கடந்திருக்கும். தலைமடையில் எடுத்த முடிவு கடைமடையில் தெரிகிறது. இதைச் சாத்தியமாக்கியது திரும்பிப் போகமுடியாத அத்தியாய அமைப்பு. மறு ஆக்கம் திறந்த உலகமாகும்போது இந்தத் தாமதத்தை எப்படிக் காப்பாற்றப்போகிறார்கள் என்பதே ரசிகர்கள் கேட்கவேண்டிய கேள்வி. வரைபடத்தின் பரப்பளவு அதற்கு அடுத்ததுதான்.

8. மறுப்புகளும் முடிவும்

இவ்வளவுகோலுக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது: எல்லா வழியும் முடிவில் சேர வேண்டும் என்பது பயனை மட்டும் பார்க்கும் கணக்கு, சும்மா சுற்றித் திரிவதிலும் இன்பம் இல்லையா? உண்டு. வந்தியத்தேவன் ஏரிக் கரையில் நின்று பார்த்த ஓடங்களும் ஆடிப்பெருக்குக் கொண்டாட்டமும் சதிக்கு ஒரு தடயமும் தருவதில்லை. ஆனால் பின்னால் இந்த நாட்டுக்காக ஒருவன் முடியைத் துறக்கும்போது, எந்த நாடு என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. வயலில் நேரே பாயாமல் நிலத்தடியில் இறங்கும் நீரும் வீணாவதில்லை. கோடையில் அதே நீர் கிணற்றில் ஊறும். அந்த ஊற்றையும் அளவுகோல் கணக்கில் எடுக்கவேண்டும்.

இரண்டாவது மறுப்பு கனமானது: நான் முன்மாதிரியாக வைக்கும் நாவலே இந்தத் தேர்வில் முழுதாகத் தேறவில்லை. ஐந்து பாகங்களில் கடைசிப் பாகமே மிகப் பெரியது, 91 அத்தியாயங்கள். அப்படியும் கதை திடுமென முடிந்துவிட்டதாக அக்கால வாசகர்கள் எழுதினார்கள். கல்கியே முடிவுரையில் அதைக் குறிப்பிட்டு, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளை வரிசைப்படுத்தி விடை சொல்கிறார். கரிகாலன் யார் கையால் இறந்தான் என்ற கேள்வியும் வாசகர்களிடையே இன்றுவரை ஓயவில்லை. அவ்வளவு கிளைகளைத் திறந்த எவருக்கும் எல்லா வயலிலும் ஒரே மட்டத்தில் நீரை நிறுத்த முடிவதில்லை. கல்கியின் முடிவுரையை அந்த வகையில் கடைமடைக்காரர்களின் முறையீட்டுக்கு அவர் விட்ட முறைத்தண்ணீர் என்றே வாசிக்கிறேன். குறை இருந்தது, முறையிட ஆள் இருந்தார்கள். நீர் எட்டாத வயலுக்குச் சொந்தக்காரர் என்று தம்மை நினைத்துக்கொள்ளும் வாசகர்களை ஒரு படைப்பு உண்டாக்கியதே அது திறந்திருந்ததற்குச் சான்று.

‘திறந்த உலகமா, நேர்வழியா’ என்ற வழக்கில் மறு ஆக்கம் செய்பவரிடம் எத்தனை சதுர மைல் என்றோ எத்தனை மணி நேரம் என்றோ ரசிகர் கேட்டால் கிடைப்பது தலைமடைப் பதில்தான். சிறிய கேள்வி ஒன்று போதும்: உங்கள் தஞ்சைக் கோட்டைக்கு வெளியே பூந்தோட்டத்துக் குடிசை ஒன்றை வைத்திருக்கிறீர்கள், அங்கே ஓர் இரவு தங்குகிறேன், அங்கிருந்து புறப்படும் வாய்க்கால் எந்த வயலுக்குப் போகிறது? இதற்கு விடை வைத்திருப்பவர் நாட்டை முழுதாகத் திறந்தாலும் சரி, ஒற்றை வரப்பில் நடத்திக்கொண்டு போனாலும் சரி. விடை இல்லாதவர் அந்தக் குடிசையைக் கட்டாமல் விடுவதே நல்லது.